விருந்தாளி பார்க்காத வரலாறு

ஊருக்கு வந்து ஓர் இரவு தங்கிப் போகிறவர் விடுதி அறைக்குக் கட்டும் வரியை எடுத்து, அந்த ஊரின் பழைய பூங்காக்களைச் செப்பனிடுவது. கேட்பதற்கு இதைவிட நியாயமான ஏற்பாடு கிடையாது என்றுதான் தோன்றும். உள்ளூர்க்காரர் பையில் கை வைக்கவில்லை. வந்தவர் பார்த்து ரசித்த இடம் வந்தவர் காசிலேயே நிமிர்கிறது. இதில் என்னப்பா அரசியல் என்று கேட்கலாம். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் தலைநகரான ஆஸ்டினை வைத்து இதைப் பார்க்கலாம்.

அங்கே அறை வாடகைக்கு 17 சதவீதம் வரி. 6 மாநிலத்துக்கு, 11 நகரத்துக்கு. நகரத்தின் பங்கில் 2 சதவீதம் மாநாட்டு மண்டபத்துக்கென்றே தனியாக விதிக்கப்பட்டது. மீதியையும் நகரமன்றம் இஷ்டப்படி செலவழித்துவிட முடியாது. மாநில வரிச் சட்டத்தின் 351-ஆம் அத்தியாயம் கட்டம் போட்டு வைத்திருக்கிறது: மாநாட்டு மண்டபம், விளம்பரம், கலை, வரலாற்றுச் சின்னங்களின் புனரமைப்பு என்று சில இனங்கள்தான். எதற்குச் செலவழித்தாலும் அது சுற்றுலாவையும் விடுதித் தொழிலையும் வளர்ப்பதாக இருக்க வேண்டும். வரலாற்றுக்கு உச்சவரம்பு 15 சதவீதம். அந்த முழுப் பங்கையும் ஆஸ்டின் 2017-இல்தான் ஒதுக்க முன்வந்தது. 100 டாலர் வாடகைக்கு ஒரு டாலரும் கொஞ்சம் சில்லறையும் என்று வைத்துக்கொள்ளுங்களேன். 2019-இல் வரியை 2 சதவீதம் ஏற்றியபோதும் முக்கிய நோக்கம் மாநாட்டு மண்டபத்தைப் பெரிதாக்குவதுதான்.

இந்தப் பட்டியலில் பூங்காவின் சாதாரணப் பராமரிப்பு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். புல் வெட்டுவதும் கழிப்பறை கழுவுவதும் இதில் சேராது. பூங்கா உள்ளே வரவேண்டுமானால் ‘வரலாறு’ என்கிற சீட்டை வாங்கிக்கொண்டு வரவேண்டும். அதோடும் விடுவதில்லை. அந்தச் சின்னம் மாநாட்டு மண்டபத்துக்கு அருகில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுற்றுலாப் பயணிகள் வந்து போகக்கூடிய இடமாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். எது வரலாறு என்பதை அங்கே வாழ்ந்தவர்களின் நினைவு தீர்மானிப்பதில்லை. வெளியாளின் பார்வை தீர்மானிக்கிறது. அந்த வெளியாளுக்கு அந்த ஊரில் ஓட்டு இல்லை. அவர் சார்பில் பேசுவது யார்? அவருக்கு அறை வாடகைக்கு விடுகிற தொழில்தான்.

சரி, பயணி எங்கே போவார் என்பது இயற்கையாக அமைந்துவிட்ட விஷயமா? 1928-இல் கோச் அண்டு ஃபௌலர் என்கிற பொறியாளர் நிறுவனம் ஆஸ்டினுக்கு ஒரு நகரத் திட்டம் எழுதிக் கொடுத்தது. கறுப்பின மக்களுக்கான பள்ளி, பூங்கா போன்ற வசதிகளையெல்லாம் கிழக்குப் பகுதியில் மட்டும் வைத்தால் அவர்கள் தாமாகவே அங்கே போய்விடுவார்கள் என்பது அதன் சாரம். சட்டம் போட்டு விரட்ட முடியாதபோது பூங்காவைக் காட்டிக் கூப்பிட்டார்கள். (சேரியை ஊருக்கு வெளியே வைத்த நமக்கு இது புரிய விளக்கவுரை தேவையில்லை.) அப்படி அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டதுதான் ரோஸ்வுட் பூங்கா. மேற்கே ஜில்கர் பூங்காவில் ஊற்றுநீர் நிரம்பிய பார்ட்டன் ஸ்பிரிங்ஸ் குளம் வெள்ளையருக்கு.

1960-இல் ஜோன் மீன்ஸ் என்கிற கறுப்பினப் பள்ளி மாணவி தடையை மீறி அந்தக் குளத்தில் இறங்கினார். தோழர்கள் பின்தொடர்ந்தார்கள். 1962 வாக்கில் தடை போயிற்று. 1947-இல் கட்டப்பட்ட அங்குள்ள குளியலறைக் கட்டடத்துக்கு இப்போது ஜோன் மீன்ஸ் கபேலே என்று அவர் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. நல்லதுதான். ஆனால் பார்ட்டன் ஸ்பிரிங்ஸ் ‘பயணி வருவாரா’ என்கிற பரீட்சையில் கண்ணை மூடிக்கொண்டு தேறிவிடும். ரோஸ்வுட்டின் நிலைமை வேறு.

ரோஸ்வுட் பூங்காவில் ஒரு மரக்குடில் இருக்கிறது. 1871-இல் ஆஸ்டின் நகரமன்றத்தில் அமர்ந்த முதல் கறுப்பரான ஹென்றி கிரீன் மேடிசனின் குடில். அதைச் சுற்றி இன்னொரு வீட்டைக் கட்டிவிட்டதால் பல காலம் அது உள்ளேயே மறைந்து கிடந்தது. 1968-இல் அந்த வீட்டை இடித்தபோதுதான் வெளியே தெரிந்தது. பிறகு 1973-இல் பூங்காவுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். பயணியின் பாதையிலிருந்து விலக்கி வைக்கப்பட்ட ஒரு பகுதியிடம் போய், ‘உன்னைப் பார்க்கப் பயணி வருவார் என்று நிரூபி’ என்று கேட்பது என்ன நியாயம்? நிரூபிக்க வேண்டுமானால் விளம்பரத் தாளின் மொழியில்தான் பேச வேண்டியிருக்கிறது. குடிலின் பழமையைச் சொல்லலாம். அதை அங்கே ஒதுக்கிய திட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்ல முடியும்.

ஓக்வுட் கல்லறைத் தோட்டத்தில் 1914-இல் கட்டிய ஒரு சிற்றாலயம் உண்டு. 2016-இல் அதைப் புதுப்பிக்கும்போது தரைக்கடியில் மனித எலும்புகள் கிடைத்தன. கறுப்பர்களும் மெக்சிகோ வம்சாவளியினரும் ஏழைகளும் புதைக்கப்பட்ட பகுதியின்மேல்தான் ஆலயமே எழும்பியிருக்கிறது. செப்பனிடுவது என்றால் பழைய அழகைத் திரும்பக் கொண்டுவருவது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே செப்பனிடப் போனவர்கள் அந்த அழகின் அஸ்திவாரத்தையே பார்த்துவிட்டார்கள். இப்படிப்பட்ட வரலாற்றை எந்த விடுதிக்காரர் விளம்பரத்தில் போடுவார்?

இதனால் இந்தப் பணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒழுகுகிற கூரைக்குக் கோட்பாடு தாங்காது. அறைகள் நிரம்பினால்தான் நினைவுக்குக் காசு என்பதில் உள்ள ஆபத்து 2020-இல் கொரோனா வந்து விடுதிகள் காலியானபோது தெரிந்துபோனது. அதற்காக வருகிற காசைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. சண்டை போட வேண்டியது அந்த ‘வந்து போகிறவர்’ யார் என்பதில். ரோஸ்வுட்டில் வளர்ந்து, வாடகை ஏறி வெளியேறி, விடுமுறையில் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறவரும் வந்து போகிறவர்தானே?

2000-க்கும் 2010-க்கும் இடையில் வேகமாக வளர்ந்த அமெரிக்கப் பெருநகரங்களில் கறுப்பின மக்கள்தொகை குறைந்த ஒரே நகரம் ஆஸ்டின் என்று டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. 1928-இல் ஆட்களை அனுப்புவதற்காகப் போட்ட பூங்காக்கள் அங்கேயே இருக்கின்றன. அனுப்பப்பட்டவர்கள் மறுபடியும் அனுப்பப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் போன பிறகு குடிலுக்கு வர்ணம் அடிக்கக் காசு கிடைத்தால், அதைப் பார்க்க நிஜமாகவே சுற்றுலாப் பயணி மட்டும்தான் வருவார்.