இலை உதிர்ந்தாலும் பிடி விடாத கொடி

மைசூரிலிருந்து எச்.டி.கோட்டை வழியாக நாகரஹொளேக் காட்டுக்குப் போகிறவர்களின் கண் யானையையும் புலியையும்தான் தேடும். புதரோரம் சட்டையைப் பிடித்திழுக்கும் முள்கொடியை நின்று பார்ப்பவர் குறைவு. தமிழில் அதற்குத் திருநாமப்பாலை, மலைத்தாமரை என்று பெயர்கள் உண்டு. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர் ஸ்மைலாக்ஸ் ஸெய்லானிகா.

இலைக்காம்பின் அடியைக் கவனியுங்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பற்றுக்கம்பிகள் இருக்கும். கிளையைத் தொட்டதும் அவை மெல்லச் சுருண்டு சுற்றிக்கொள்ளும். நாளாக நாளாகக் கட்டையாக இறுகும். இதில் என்னை வியக்க வைப்பது, இலை உதிரும் விதம். பற்றுக்கம்பி முளைத்த இடத்துக்கு மேலேதான் காம்பு முறிகிறது. இலை போய்விடும், பிடி அப்படியே நிற்கும். இலையை மட்டும் பார்த்து இதைக் காட்டு வள்ளிக்கிழங்கு என்று நினைப்பவர்கள் உண்டு. வள்ளிக்கொடிக்குப் பற்றுக்கம்பியே கிடையாது, தண்டால் சுற்றி ஏறும். ஏறுகொடிகளைப் பற்றி 1865இல் டார்வின் எழுதிய நெடுங்கட்டுரையில் ஸ்மைலாக்ஸுக்கும் இடம் உண்டு.

செங்காந்தள் இதற்குத் தூரத்து உறவு. இரண்டும் ஒருவித்திலைத் தாவரங்கள். ஆனாலும் ஸ்மைலாக்ஸ் இலையில் பெருநரம்புகளுக்கு நடுவே வலைப்பின்னல் ஓடும்; ஒருவித்திலைத் தாவரங்களில் இது அபூர்வம்.

ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பச்சையாகக் காய்த்துச் சிவக்கும் உருண்டைப் பழக்கொத்து பெண் கொடியில் மட்டுமே தொங்கும். பறவைகள் தின்று விதையைப் பரப்பும்.

கதைகளும் ஸ்மைலாக்ஸ் பேரினத்தைச் சுற்றிப் படர்ந்திருக்கின்றன. குரோக்கஸ் என்ற இளைஞனைக் காதலித்த பெண்ணொருத்தி இக்கொடியாக மாறினாள் என்று கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியர் பிளினி எழுதினார். அந்தத் துயரக் கதையால் வழிபாட்டுக்கும் மாலைக்கும் இது ஆகாதாம். ஆனால் மக்கள் இதை ஐவிக் கொடி என்று நினைத்துத் திருவிழாவில் சூடிக்கொண்டார்கள் என்று வருத்தப்படுகிறார்.

நம் பக்கத்தில் கதையைவிட மருந்துதான் பெரிது. ஐரோப்பியரோடு வந்த மேகநோய்க்கு, சீனாவிலிருந்து கப்பலேறி வந்த ஸ்மைலாக்ஸ் கிழங்கை 16ஆம் நூற்றாண்டின் ஆயுர்வேத நூலான ‘பாவப்பிரகாசம்’ பரிந்துரைக்கிறது. சித்த மருந்துக்கடையில் கிடைக்கும் பறங்கிப்பட்டை அதுதான். அதற்கு மாற்றாக நம் காட்டுக் கொடியின் கிழங்கையும் தோண்டுகிறார்கள். பழத்தைப் பறித்தால் கொடி பிழைக்கும். கிழங்கை முழுதாக எடுத்தால் பிழைக்காது. பெண் கொடிகள் போய் ஆண் கொடிகள் மட்டும் மிஞ்சிய இடத்தில் புதிய விதைக்கு வழியே இல்லை. தோண்டுகிறவர்கள் கிழங்கில் ஒரு பகுதியையாவது மண்ணில் விட்டுவைக்க வேண்டும்.