அரியலூரில் அலைவீசிய கடல்

எழில்மிகு ஏற்காட்டில் வாழும் நாம் எத்திசை நோக்கினும் பாறைகளைக் காண்கிறோம். ஆயினும் எவ்வளவு தேடினாலும் இப்பாறைகளில் ஒரு சிப்பியின் சுவடுகூடக் கிடைக்காது. ஏன்? சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்னும் பாறையால் ஆனது. பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவான அதன் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். சிப்பியும் சங்கும் அன்று உலகில் தோன்றியிருக்கவே இல்லை.

ஆனால் மலையிறங்கித் தென்கிழக்கே பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் சென்றால் நிலைமை வேறு. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த சேறும் மணலும் சுண்ணாம்பும் பாறைகளாகி, அக்கால உயிர்களைத் தம்முள் காத்து வைத்துள்ளன.

அவற்றுள் சிறப்பானது அம்மோனைட். சுருண்ட ஓட்டினுள் பல அறைகளை உடைய இது, கணவாய் மீனுக்கு உறவு. கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமக் கற்களிலும் அம்மோனைட் சுவடுகள் உண்டு.

அடியிலுள்ள அடுக்கே பழையது, மேலுள்ளது புதியது என்னும் விதியை 1669-இல் வெளியிட்டவர் நிக்கோலாஸ் ஸ்டெனோ. பின்னாளில் ஆயராகி, 1988-இல் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டவரும் இவரே. விசுவாசமும் விஞ்ஞானமும் பகையல்ல என்பதற்கு இவர் வாழ்வே சான்று!

அந்த விதிப்படியே ஹென்றி பிளான்போர்டு இப்பகுதிப் பாறைகளை ஆராய்ந்து 1862-இல் எழுதினார். கீழிருந்து மேலாக ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர், நின்னியூர் என அவை வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. அம்மோனைட்டுகளை விரிவாக விவரித்தவர் ஸ்டோலிக்ஸ்கா. அவர் 1874-இல், தமது 36-ஆம் வயதில், லடாக் மலைப் பயணத்தில் உயிர் நீத்தார்.

ஊட்டத்தூர் அடுக்கில் வட்டமாகச் சுருண்டவை, கோபுரம்போல் சுருண்டவை எனப் பலவகை அம்மோனைட்டுகள் உள்ளன. மேலே செல்லச் செல்லப் பழைய இனங்கள் மறைந்து புதியவை தோன்றுகின்றன. அரியலூர் அடுக்கிலும் அவை உண்டு. நின்னியூர் அடுக்கிலோ ஒன்றுகூட இல்லை!

6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோ அருகே ஒரு பெரும் விண்கல் மோதியது. ஏறத்தாழ அதே காலத்தில் தக்காணத்திலும் எரிமலைக் குழம்பு பெருகிற்று. அப்பேரழிவில் அம்மோனைட்டுகள் அடியோடு அழிந்தன. ஆனால் அவற்றின் உறவினமான நாட்டிலஸ் பிழைத்தது. நின்னியூரிலும் அதன் ஓடு கிடைக்கிறது. அம்மோனைட்டின் குஞ்சுகள் மிகச் சிறியவை. மேற்பரப்பில் மிதந்து நுண்ணுயிர்களை உண்டன. அவ்வுணவு அற்றதும் அவையும் அற்றன. நாட்டிலஸின் குஞ்சுகளோ பெரியவை. ஆழ்ந்த நீரில் வாழ வல்லவை. இதுவே காரணம் என்பர் அறிஞர் பலர்.

இன்று அந்தச் சுண்ணாம்புக்கல் சிமெண்டு செய்ய வெட்டப்படுகிறது. வீடு கட்டச் சிமெண்டு வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் ஆராயுமுன் அரைபடும் ஓடு, படிக்குமுன் எரிக்கப்படும் ஏடு அன்றோ? 1940-இல் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த சாத்தனூர்க் கல்மரம், 18 மீட்டர் நீளத்துடன், வேலியிட்டுக் காக்கப்படுவதால் இன்றும் நிலைத்திருக்கிறது. மற்றவற்றையும் அவ்வாறே பேண வேண்டும்.

பெற்றோர்களே, அடுத்த விடுமுறையில் உங்கள் பிள்ளைகளைச் சாத்தனூருக்கு அழைத்துச் செல்லுங்கள். தோழியரே, வழியில் சுவடு பதிந்த கல்லைக் கண்டால் உடைக்காமல், கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியைக்குத் தெரிவியுங்கள். இறைவன் படைப்பின் பழம்பெரும் ஏட்டை நம் தலைமுறையில் கிழியாமல் காப்போமாக!