விட்ட இடத்தில் காத்திருக்கும் கணக்கு

வங்கிக் கிளைகளில் நாங்கள் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. பழைய பாஸ்புக்கும் புதிய பணி நியமனக் கடிதமுமாக ஒருவர் வருகிறார். "இந்தக் கணக்கு இன்னும் இருக்கிறதா?" என்று தயங்கியபடி கேட்கிறார். ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் சம்பளக் கணக்காகத் தொடங்கியது அது. குழந்தை பிறந்தபோதோ, கணவர் வேறு மாநிலத்திற்கு மாற்றலானபோதோ, தாயார் நோயுற்றபோதோ வேலை நின்றது; அத்துடன் கணக்கும் நின்றது. அந்தத் தயக்கத்தைக் காணும்போது, அவர் தம் தொழில் திறமையைப் பற்றியும் அதே கேள்வியைக் கேட்டுக்கொள்கிறாரோ என்று எங்களுக்குத் தோன்றும்.

கணக்கைப் பற்றிய கேள்விக்கு விடை எளிது. 2 ஆண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளர் பரிவர்த்தனை எதுவும் செய்யாவிட்டால் சேமிப்புக் கணக்கு செயல்படாக் கணக்காகிறது. ஆயினும் வட்டி சேர்ந்துகொண்டே இருக்கும். கேஒய்சி ஆவணங்களைப் புதுப்பித்து, கட்டணமின்றி அதை மீண்டும் இயக்கலாம். 10 ஆண்டுகள் கடந்து, தொகை ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் நிதிக்குப் போய்விட்டாலும் உரியவர் தம் வங்கி வழியே கேட்டுப் பெறலாம்.

இதைவிடத் தொல்லை தருவது பெயர். பட்டச் சான்றிதழில் தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும் இருக்கும். பான் அட்டையில் அது விரிந்து முழுப் பெயராகியிருக்கும். ஆதாரிலோ கணவரின் பெயர் சேர்ந்திருக்கும். குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத நம்மவர்கள் புனேயிலோ குருகிராமிலோ வேலைக்குச் சேரும்போது இந்தச் சிக்கல் இருமடங்காகிறது. நியமனக் கடிதம் வருவதற்கு முன்பே இவற்றை ஒன்றாக்கிவிடுவது நல்லது.

ஆனால் நாங்கள் வலியுறுத்த விரும்புவது வேறொரு கணக்கை. அது வருங்கால வைப்பு நிதி. வேலையை விட்டவர்களில் பலர் அதை முழுவதுமாக எடுத்துவிடுகிறார்கள். வீட்டுக் கடனுக்குக் கொஞ்சம், நகைக்குக் கொஞ்சம் என்று அது கரைந்துவிடும். அதனுடன் ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிட்டால், பணத்தோடு பணியாற்றிய ஆண்டுகளும் போய்விடுகின்றன என்பதைப் பலர் அறிவதில்லை.

1995ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெற மொத்தம் 10 ஆண்டுப் பணி வேண்டும். அது ஒரே நிறுவனத்தில் இருக்க வேண்டியதில்லை; இடைவெளியின்றி இருக்க வேண்டியதும் இல்லை. 2009இல் சேர்ந்து 7 ஆண்டுகள் உழைத்து விலகிய ஒரு பொறியாளரை எண்ணிப் பார்ப்போம். ஓய்வூதியப் பங்கை எடுக்காமல் விட்டிருந்தால், 8 ஆண்டு இடைவெளிக்குப் பின் திரும்பினாலும் இன்னும் 3 ஆண்டுகள் பணியாற்றினால் போதும். எடுத்துவிட்டிருந்தால் அந்த 7 ஆண்டுகள் கணக்கில் வாரா. இன்னொன்றும் உண்டு. 2014 செப்டம்பரில் வந்த விதிப்படி, மாத ஊதியம் 15,000 ரூபாய்க்கு மேல் பெற்றுப் புதிதாகச் சேர்பவர்கள் இந்த ஓய்வூதியத் திட்டத்திற்குள் வர இயலாது. எனவே எடுத்துவிட்டவருக்குக் கதவு முழுவதுமாகவே மூடிவிடக்கூடும்.

15,000 ரூபாய் வரம்பில் 10 ஆண்டுப் பணிக்குக் கிடைப்பது மாதம் சுமார் 2,143 ரூபாய். பெரிய தொகையன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் அது வாழ்நாள் முழுவதும் வரும். உறுப்பினருக்குப் பின் வாழ்க்கைத் துணைக்கும் ஒரு பகுதி வரும். இப்போது வேலையை விட எண்ணியிருப்பவர்கள் ஓய்வூதியப் பங்கைப் பணமாகப் பெறாமல் திட்டச் சான்றிதழாகக் கேட்டுப் பெறலாம். வைப்பு நிதியில் விட்டுவைத்த இருப்புக்கும் வட்டி சேரும். ஆனால் விலகிய பின் சேரும் வட்டிக்கு வருமான வரி உண்டு.

பணிக்குத் திரும்புவதா என்று வீட்டில் பேச்சு எழும்போது ஒரு கணக்கு தவறாமல் போடப்படுகிறது. "அவள் சம்பளம் குழந்தைக் காப்பகத்துக்கே சரியாகிவிடும், பிறகு எதற்கு?" என்பதே அது. காப்பகச் செலவை முழுவதுமாகத் தாயின் சம்பளத்தில் மட்டும் கழிப்பது எந்தக் கணக்கியல் முறை என்று எங்களுக்கு விளங்கவில்லை. குழந்தை இருவருக்கும் உரியது அல்லவா? மேலும், காப்பகச் செலவு சில ஆண்டுகளில் நின்றுவிடும்; ஊதிய உயர்வோ நிற்பதில்லை. நிறுவனம் செலுத்தும் வைப்பு நிதிப் பங்கும் குழு மருத்துவக் காப்பீடும் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பக வசதி வேண்டும் என்று 2017இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டதால், நேர்காணலிலேயே அதைப் பற்றிக் கேட்பதில் தவறில்லை.

நேர்காணலில் இடைவெளியை மறைக்க முயல்வதைவிட, இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டு வரை, இன்ன காரணத்திற்காக என்று ஒரே வரியில் எழுதிவிடுவது மேல். குடிமைப் பணித் தேர்வுக்காகச் சில ஆண்டுகளைச் செலவிட்டுத் திரும்பும் இளைஞர்களுக்கும் இதையே சொல்வோம். இடைவெளி கண்டவர்களையே தேடும் திட்டங்களும் உள்ளன. டாடா குழுமம் 2008இல் இத்தகைய பெண்களுக்கென ஒரு பயிற்சிப் பணித் திட்டத்தைத் தொடங்கியது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் பெண் விஞ்ஞானிகள் திட்டத்தில், ஆய்வகத்தை விட்டு விலகியவர்கள் உதவித்தொகையுடன் அறிவுசார் சொத்துரிமைப் பயிற்சி பெற்றுக் காப்புரிமை முகவர்களாகியிருக்கிறார்கள்.

பணியில் சேரும் நாளன்று தரப்படும் காகிதங்களில் படிவம் 11 என்று ஒன்று இருக்கும். முன்பு வைப்பு நிதியிலும் ஓய்வூதியத் திட்டத்திலும் உறுப்பினராக இருந்தீர்களா என்று அது கேட்கும். அவசரத்தில் 'இல்லை' என்று குறித்துவிட்டால் புதிய கணக்கு எண் பிறந்துவிடும். பழையதுடன் அதை இணைப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். பழைய யுஏஎன் எண்ணைத் தேடி எடுத்துச் சென்று, அந்தக் கட்டத்தில் 'ஆம்' என்று எழுதுங்கள்.