நாலு ஓட்டை ஒத்துப்போனால் போதுமா?

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் உருளத் தொடங்கியது ஹூண்டாய் சான்ட்ரோ. மறைமலைநகரிலிருந்து 2010-ல் வந்தது ஃபோர்டு ஃபிகோ. ஓரகடத்திலிருந்து 2015-ல் வந்தது ரெனோ க்விட். மூன்றும் குட்டிக் கார்கள், மூன்றும் பக்கத்துப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள். ஆனால் ஒருவர் செருப்பு இன்னொருவர் காலுக்குச் சேராது. சான்ட்ரோவின் சக்கரத்தில் நட்டு மாட்டும் நான்கு ஓட்டைகளும் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத்தின் மேல் இருக்கின்றன. ஃபிகோவிலும் ஓட்டை நான்குதான், ஆனால் வட்டம் 108 மி.மீ. க்விட்டில் மூன்றே மூன்று ஓட்டை.

திருச்சியிலிருந்து துறையூர் சாலையில் மண்ணச்சநல்லூரைத் தாண்டித் திருவெள்ளறை வரை போனால் வழியில் எத்தனையோ பஞ்சர் கடைகள். சின்னக் கார் வைத்திருப்பவர் எவராவது அங்கே இப்படிக் கேட்டுக்கொண்டிருப்பார்:

"அண்ணே, புதுப்பேட்டையில ஒரு செட் அலாய் மலிவா வருதாம். நாலு ஓட்டைதான். நம்ம ஸ்விஃப்டுக்கு ஏறிடும்ல?"

"ஏறும் தம்பி. ஏறுனா மட்டும் போதுமா, நிக்கணும்ல?"

அந்தக் கடைக்காரரின் பதிலில் பாதி இயந்திரவியல் அடங்கிவிட்டது. சக்கரத்தை வண்டியில் நிறுத்தி வைப்பது எது? ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நான்கு ஸ்டட்களில் சக்கரம் ஆணியில் மாட்டிய சட்டைபோலத் தொங்குவதாகத்தான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் எடையைத் தாங்குவது உராய்வு. நட்டை முறுக்கும்போது ஸ்டட் மிக நுட்பமான அளவில் இழுபடுகிறது. அந்த இழுவிசை சக்கரத்தின் முகத்தை ஹப்பின் முகத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. 12 மி.மீ. தடிமனுள்ள ஸ்டட்டில் நட்டை 100 நியூட்டன் மீட்டர் முறுக்கினால் ஒரு நட்டுக்கு ஏறக்குறைய 4 டன் எடைக்குச் சமமான அழுத்தம் கிடைக்கும். நான்கு நட்டுக்கு 16 டன். வண்டியோ ஒரு டன்கூட இல்லை. பிரேக் அடித்தாலும் வளைவில் திரும்பினாலும் சக்கரம் நூல்கூட நகராமல் இருப்பது இந்தப் பிடியால்தான். பிடி தளர்ந்துவிட்டால் எல்லா வேலையும் ஸ்டட்டின் தலையில் விழும். அது முன்னும் பின்னும் வளைந்து வளைந்து, களைத்து, ஒருநாள் முறியும்.

ஆகவே பார்க்க வேண்டியது, ஓட்டைக்குள் ஸ்டட் நுழைகிறதா என்பதை அல்ல. அந்த 16 டன் முழுதாக, நேராக, எல்லா நட்டுக்கும் சமமாக இறங்குகிறதா என்பதைத்தான்.

புதுப்பேட்டை பேரத்தையே எடுத்துக்கொள்வோம். அந்த அலாய் செட் ஹோண்டா ஜாஸிலிருந்து கழற்றியது என்று வையுங்கள். ஜாஸுக்கும் ஸ்விஃப்டுக்கும் ஓட்டை வட்டம், கடைக்காரர்கள் சொல்லும் பிசிடி, 100 மி.மீ.தான். நான்கு ஓட்டைச் சக்கரத்தில் எதிரெதிர் ஓட்டைகளின் மையத்துக்கு மையம் அளந்தாலே இது கிடைத்துவிடும். ஐந்து ஓட்டை என்றால் எதிரில் ஓட்டை இருக்காது. பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளின் இடைவெளியை அளந்து 1.7-ஆல் பெருக்க வேண்டும். ஆக, முதல் தேர்வில் ஜாஸ் அலாய் பாஸ். சக்கரம் ஹப்பில் ஏறி உட்கார்ந்துவிடும்.

இனிமேல்தான் சிக்கல். சக்கரத்தின் நடு ஓட்டை ஜாஸில் 56.1 மி.மீ., ஸ்விஃப்டின் ஹப் 54.1 மி.மீ. சுற்றிலும் 1 மி.மீ. இடைவெளி. அந்த 1 மி.மீ. அளவுக்குச் சக்கரம் மையம் விலகி உட்கார்ந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். வீல் பேலன்சிங் எந்திரம் சக்கரத்தை அதன் சொந்த மையத்தில் வைத்துச் சுழற்றுவதால் அங்கே எல்லாம் சரியாகவே காட்டும். வண்டியில் மாட்டினால் ஆட்டம். இதற்கு மருந்து இருக்கிறது: வெளிவிட்டம் 56.1, உள்விட்டம் 54.1 உள்ள வளையம். அலாய் கடைகளில் ஹப் ரிங் என்று கேட்டால் கிடைக்கும். தலைகீழாக, ஸ்விஃப்டின் சக்கரம் ஜாஸின் ஹப்பில் ஏறவே ஏறாது. நடு ஓட்டையைக் கடைந்து பெரிதாக்கித் தரவும் ஆள் உண்டு. கடைசல் மையம் தவறினால் சக்கரம் ஆயுளுக்கும் கோட்டம்தான்.

அடுத்தது நட்டு. சுசுகியின் ஸ்டட்டில் மரைக்கு மரை 1.25 மி.மீ. இடைவெளி. ஹோண்டா, ஹூண்டாய், டொயோட்டாவில் 1.5 மி.மீ. தடிமன் எல்லாவற்றிலும் 12 மி.மீ. என்பதால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தப்பான நட்டு இரண்டு மூன்று சுற்று சமர்த்தாக ஏறிவிட்டு இறுகும். இறுகுகிறதே, சரியாக உட்கார்ந்துவிட்டது என்று நினைத்து நீள ஸ்பேனரில் ஏறி மிதித்தால் மரை வழிந்துவிடும். நல்ல பழக்கம் எளியது: நட்டைக் கையால் மட்டுமே கடைசி வரை சுற்றிப் பாருங்கள். ஸ்டட்டின் தடிமனுக்குச் சமமான நீளமாவது மரை பிடிக்க வேண்டும். சுசுகியில் அது ஒன்பது பத்துச் சுற்று, மற்றவற்றில் எட்டு. மூன்று சுற்றில் நின்றால் ஏதோ தப்பு.

சரி, சுசுகி நட்டையே போட்டால்? ஹோண்டா தன் சக்கரங்களில் நட்டு உட்காரும் குழியைப் பந்தின் வளைவில் செய்கிறது. சுசுகியின் நட்டு முனை கூம்பு. கூம்பைப் பந்துக் குழியில் வைத்தால் முகம் முகத்தோடு சேராது. மயிரிழை அகல வளையத்தில் மட்டும் தொடும். 4 டன் அழுத்தமும் அந்த மயிரிழையில். மெத்தென்ற அலுமினியம் அங்கே நசுங்கி வழி விடும், நட்டு தளரும். முறுக்கும்போது கைக்கு இது தெரியவே தெரியாது என்பதுதான் இதிலுள்ள பெரிய ஆபத்து. பிசிடி பார்க்கத் தெரிந்த பலர் இந்தக் குழியைத் தடவிப் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால் முதலில் விரலை விட்டுப் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

பிசிடி தேர்விலேயே ஏமாற்றும் ஜோடிகளும் உண்டு. ஃபியட் பாலியோவின் வட்டம் 98 மி.மீ. அதன் சக்கரத்துக்கும் 100 மி.மீ. ஹப்புக்கும் ஓட்டைக்கு 1 மி.மீ.தான் வித்தியாசம். கொஞ்சம் தட்டினால் ஏறிவிடும். ஏறிய பிறகு நட்டுகள் ஸ்டட்களை இழுத்து வளைத்தபடியே நிற்கும். மாருதி 800-ன் வட்டம் 114.3 மி.மீ., அதாவது சரியாக நாலரை அங்குலம். அதே கம்பெனியின் ஸ்விஃப்டில் 100. கம்பெனி ஒன்றுதானே என்று பழைய வண்டியின் ரிம்மை எடுத்துவந்தவர்கள் இதில் முழித்திருக்கிறார்கள்.

துறையூர் சாலையில் போகிறவர்கள் ஐந்து நிமிடம் ஒதுக்கி, திருவெள்ளறைப் பெருமாள் கோயிலை ஒட்டியுள்ள ஸ்வஸ்திகக் கிணற்றைப் பார்க்கலாம். பல்லவன் தந்திவர்மன் காலத்தில், ஏறக்குறைய 1200 ஆண்டுகளுக்கு முன் கம்பன் அரையன் வெட்டுவித்த மாற்பிடுகுப் பெருங்கிணறு அது. நான்கு திசையிலிருந்தும் படிக்கட்டுகள் மடங்கி இறங்குகின்றன. அதன் வரைபடத்தைக் கால் சுற்று திருப்பினால் அதன்மேலேயே அச்சாக விழும். கண்ணாடியில் காட்டினாலோ விழாது, மடிப்புகள் எதிர்த்திசையில் போகும். காற்றாடி இறக்கைபோல் வளைந்த ஆரங்கள் கொண்ட அலாய் சக்கரங்களின் வடிவியலும் இதேதான். ஒரே அச்சில் வார்த்த நான்கு சக்கரங்களை மாட்டினால் வண்டியின் ஒரு பக்கத்தில் இறக்கைகள் முன்னோக்கியும் மறுபக்கத்தில் பின்னோக்கியும் சுழல்வதாகத் தோன்றும். பல வடிவங்களில் இது வெறும் தோற்றம்தான், ஆபத்தில்லை. ஆனால் டயரின் பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால் அதை மதிக்க வேண்டும். மழையில் தண்ணீரை வெளியே தள்ளும் பள்ளங்கள் அந்தத் திசைக்கென்றே வெட்டப்பட்டவை.

ஓட்டையும் நட்டும் சேர்ந்த பிறகு வருவது ஆஃப்செட். சக்கரத்தின் அகலத்தில் நடுக்கோடு ஒன்று போட்டால், ஹப்பில் ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளியே இருக்கிறது என்பதே இது. ஆரத்தின் பின்புறம் ஈடி 45, ஈடி 38 என்று வார்த்திருப்பார்கள். எண் குறையக் குறைய சக்கரம் வெளியே துருத்தும். 5 அங்குல அகலம், ஈடி 45 உள்ள ரிம்மைக் கழற்றிவிட்டு 6 அங்குல அகலம், ஈடி 38 மாட்டினால் என்ன ஆகும்? உள் விளிம்பு 6 மி.மீ. அளவுக்கு ஷாக் அப்சார்பர் பக்கம் நெருங்கும், வெளி விளிம்பு 20 மி.மீ. அளவுக்கு வெளியே வரும். பார்க்க மிடுக்காக இருக்கும். நான்கு பேர் ஏறி, சமயபுரம் திருவிழாக் கூட்டத்தில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசும் சத்தம் கேட்கும். பேரிங் வண்டியின் எடையை இன்னும் நீண்ட நெம்புகோலின் நுனியில் சுமக்கும். ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் ஸ்டியரிங் கையிலிருந்து பறிக்கும். கடைக்காரர்கள் ஆஃப்செட்டைச் சரிக்கட்ட ஸ்பேசர் தட்டு போட்டுத் தருவார்கள். பழைய ஸ்டட்டின் மேலேயே தட்டைச் செருகினால், தட்டின் தடிமன் அளவுக்கு நட்டு பிடிக்கும் மரை குறைந்துபோகும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

டயர் விஷயத்தில் கம்பெனிகள் செய்யும் கணக்கைப் பார்த்தாலே போதும். ஸ்விஃப்டின் கீழ் ரகங்களில் 165/80 ஆர்14, மேல் ரகத்தில் 185/65 ஆர்15. ரிம் ஓர் அங்குலம் பெரிது, டயரின் பக்கச்சுவர் அதற்கேற்பக் குட்டை. மொத்த விட்டம் முதலாவதில் 619.6 மி.மீ., இரண்டாவதில் 621.5. இரண்டே மி.மீ. வித்தியாசம் என்பதால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. அதே 15 அங்குல ரிம்மில் 205/65 போட்டால் விட்டம் 647 மி.மீ. தாண்டும். மீட்டர் 80 காட்டும்போது வண்டி 83-ல் ஓடும், கியர் ஒவ்வொன்றும் சோம்பலாகும். 17 அங்குல ரிம்மில் 205/45 போட்டால் விட்டம் 616, கணக்குக்குச் சரிதான். ஆனால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே 132 மி.மீ. இருந்த ரப்பர்ச் சுவர் 92 ஆகிவிடும். நம் ஊர்க் கிராமச் சாலைப் பள்ளத்தில் அந்த 40 மி.மீ.தான் ரிம்மின் உயிர்.

ரிம் அடிவாங்கி விரிந்தால் திருச்சிக்காரர்களுக்கு ஒரு தனிச் சபலம் வரும். பெல் தொழிற்சாலையும் அதைச் சுற்றிய பட்டறைகளும் அரை நூற்றாண்டாக பாய்லர் வெல்டிங்கில் பேர் வாங்கிய ஊர் இது. 1975-ல் வெல்டிங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிறுவனம் பெல் இங்கே தொடங்கியது. அத்தனை கைதேர்ந்த வெல்டர்கள் இருக்கும் ஊரில் ஒரு ரிம் விரிசலை ஒட்ட முடியாதா?

ஒட்ட முடியும், அழகாகவே ஒட்டுவார்கள். குறை வெல்டரிடம் இல்லை, உலோகத்தில் இருக்கிறது. வார்ப்பு அலாய் சக்கரங்கள் பெரும்பாலும் சுமார் 7 சதவீதம் சிலிக்கானும், அரை சதவீதத்துக்கும் குறைவான மெக்னீசியமும் கலந்த அலுமினியம். வார்த்த நிலையில் அதற்குப் பலம் போதாது. ஆகவே 540 டிகிரி செல்சியஸ் அளவில் பல மணி நேரம் வைத்து, சட்டென்று தண்ணீரில் குளிர்வித்து, பிறகு 155 டிகிரி அளவில் மெல்ல வேக வைக்கிறார்கள். அப்போது மெக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்த அதிநுண் துகள்கள் உலோகமெங்கும் விளைகின்றன. படிக அடுக்குகள் வழுக்கிவிடாமல் தடுத்து, பலம் தருபவை இவை. வெல்டிங் சுடர் பட்ட இடத்தை ஒட்டிய பட்டையில் சூடு பல நூறு டிகிரி ஏறி, இந்தத் துகள்கள் பருத்து, எண்ணிக்கை குறைந்துபோகும். தையல் கெட்டியாக இருக்கும், தையலுக்குப் பக்கத்துத் துணி நைந்திருக்கும். அடுத்த விரிசல் அங்கேதான். ஊதுவிளக்கால் சூடேற்றிப் பெண்டு எடுப்பதிலும் இதே கோளாறு. மெல்லிய இரும்புத் தகட்டில் செய்த சாதா டிஸ்க் தன் பலத்துக்கு இப்படிப்பட்ட வேகவைப்பை நம்பி இல்லை. வளைந்தால் தட்டி நிமிர்த்தலாம். பள்ளம் நிறைந்த வழியில் தினமும் போகிறவருக்கு அந்த இரும்பு டிஸ்க்கே நல்ல தேர்வு என்பேன், அழகு குறைவானாலும்.

மலிவு நகல்களில் இந்த வேகவைப்பே அரைகுறையாக இருக்கலாம். கண்ணால் கண்டுபிடிக்க முடியாது என்பதால்தான் சோதனைகள். சர்வதேசத் தரமுறை ஒன்றில் டயர் பூட்டிய சக்கரத்தை 13 டிகிரி சாய்த்து வைத்து, 230 மி.மீ. உயரத்திலிருந்து அதன் விளிம்பில் எடையைப் போடுகிறார்கள். சக்கரம் தாங்க வேண்டிய அதிகபட்சச் சுமையில் 0.6 பங்கு, அதோடு 180 கிலோ. 450 கிலோ தாங்கும் சக்கரம் என்றால் விழுவதும் 450 கிலோ. அதன் பிறகு நடுப்பகுதி பிளந்திருக்கக் கூடாது, ஒரு நிமிடத்துக்குள் காற்று முழுதும் போய்விடக் கூடாது. ஆரத்தின் பின்னால் தயாரிப்பாளர் பெயரும், அதிகபட்சச் சுமையும், அளவும் வார்த்திராத சக்கரத்தை, விலை என்னவானாலும், விட்டுவிடுவதே மேல்.

இத்தனை அளவும் பார்க்கப் பொறுமையில்லாதவர்களுக்குக் குறுக்குவழி ஒன்று உண்டு: அதே மாடலின், அதே தலைமுறையின் மேல் ரகத்தில் கம்பெனியே கொடுத்த சக்கரம். பிசிடி, நடு ஓட்டை, ஆஃப்செட், பிரேக் காலிப்பருக்கான இடம் எல்லாம் தொழிற்சாலையிலேயே பார்த்தாயிற்று. வண்டியைத் தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அந்த வகையிலும் இந்த வழியில் வில்லங்கம் குறைவு.

மாட்டும்போது ஹப் முகத்தின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ஸ்பேனரில் முறுக்கச் சொல்லுங்கள். 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு முறை சரிபாருங்கள், புதுப் பெயின்ட் அமுங்கிப் பிடி சற்றுத் தளர்ந்திருக்கும். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னி இன்னும் பழைய இரும்பு டிஸ்க்தான் என்றால், அதற்குரிய பழைய நட்டுகளை ஒரு பையில் கட்டி அதனோடேயே போட்டு வையுங்கள். புது அலாய்க்கு வாங்கிய நட்டு அதில் உட்காராமல் போகலாம். பஞ்சர் எந்த இடத்தில், எந்த நேரத்தில் ஆகும் என்று யாருக்குத் தெரியும்?