பூனை எந்தப் பக்கம் விழும்?

மதில்மேல் பூனை எந்தப் பக்கம் குதிக்கும் என்று சொல்ல முடியாது என்பார்கள். உட்செவியில் தொற்று கண்ட பூனையென்றால் சொல்லிவிடலாம். எந்தக் காது கெட்டதோ, பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் விழும்.

சமநிலைக் கருவி உட்செவிக்குள் இருக்கிறது. பக்கத்துக்கு மூன்று அரைவட்டக் குழல்கள், உள்ளே திரவம். தலை திரும்பினால் திரவம் சற்றுப் பின்தங்கும். அதில் மயிரணுக்கள் வளைந்து, சேதி மூளைக்குப் போகும். வேடிக்கை என்னவென்றால், தலை அசையாதபோதும் இரு காதுகளும் சும்மா இருப்பதில்லை. தராசின் இரு தட்டுகள் போல ஒரே அளவில் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும். தொற்றால் இடது காதின் குரல் தணிந்தால், வலது மட்டும் ஓங்கிக் கேட்கும். தலை வலப்பக்கம் சுழல்கிறது என்று மூளை நம்பிவிடும். நடக்காத அந்தச் சுழற்சியை ஈடுகட்டப் போய்த்தான் பூனை இடப்பக்கம் சாய்கிறது, வட்டமடிக்கிறது. கண்கள் மெல்ல இடப்பக்கம் நகர்ந்து, வெடுக்கென்று வலப்பக்கம் திரும்பும். குமட்டலில் சோறு இறங்காது. பக்கவாதமோ, விஷமோ என்று வீட்டார் பதறுவது இந்தக் கட்டத்தில்தான்.

இரண்டு காதும் ஒருசேரக் கெட்டால் தராசு சமமாகிவிடும்! தலை சாயாது, பூனை தரையோடு பதுங்கி, தலையை இருபுறமும் அகல வீசி வீசிப் பார்க்கும்.

தொற்று பல வழிகளில் வரும். காது உண்ணி அதில் ஒன்று: காதுக்குள் காபித்தூள் போலக் கறுப்பு அழுக்கு, ஓயாத சொறிதல், அதன்மேல் கிருமி. தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் குழல் வழியாகவும் கிருமி ஏறி, அங்கிருந்து உட்செவிக்குப் பரவும். இளம் பூனைகளில் நடுச்செவியில் சதை வளர்ந்து அடைப்பதும் உண்டு. கண்ணுக்குப் போகும் ஒரு நரம்பு நடுச்செவி வழியே ஓடுவதால், அந்தப் பக்கக் கண்மணி சுருங்கி, இமை தொங்கலாம்.

வீட்டில் இருக்கும் சொட்டு மருந்தை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் உட்செவியையே கெடுக்கும். கால்நடை மருத்துவர் காதுக்குள் பார்த்து, தேவையானால் ஸ்கேன் எடுத்து, பல வாரங்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பார். சிலவற்றுக்கு அறுவைச் சிகிச்சை.

தொற்று போனபின்னும் சில பூனைகளுக்குத் தலைச்சாய்வு நிலைத்துவிடும். மூளை கண்ணையும் பாதத்தையும் நம்பி நடக்கப் பழகிக்கொள்ளும். கும்மிருட்டில் கண் உதவாது, தடுமாற்றம் திரும்பலாம். இரவில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.