முன் சக்கரத்தின் நோய்க்குப் பின்பக்கம் மருந்து

ஏரி வண்டல் அள்ளும் கோடை மாதங்களில் டிராக்டர் பட்டறைகளுக்கு ஒரு வேலை தவறாமல் வந்து சேரும்: லோடர் பூட்டிய வண்டியின் முன் சக்கர பேரிங் போயிருக்கும். செங்கல் சூளையிலும், கோழிப்பண்ணை எரு அள்ளும் இடத்திலும், பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்க்கழிவைக் குவிக்கும் களங்களிலும் இதே பாடுதான். உழவுக்கு மட்டும் ஓடும் டிராக்டரில் வருடக்கணக்கில் உழைக்கிற அதே பேரிங், லோடர் வண்டியில் சில மாதங்களிலேயே முனக ஆரம்பித்துவிடுகிறது. டூப்ளிகேட் சரக்கு என்று உரிமையாளர் கடைக்காரரைக் குறை சொல்வார். டிரைவர் கிரீஸ் அடிக்கவில்லை என்பார் மெக்கானிக். சில நேரம் அதுவும் உண்மைதான். ஆனால் ஒரே வண்டியில் திரும்பத் திரும்ப பேரிங் போகிறதென்றால், முதலில் பார்க்க வேண்டியது எடை எங்கே விழுகிறது என்பதை.

இரண்டு சக்கர இயக்கம் கொண்ட டிராக்டரின் முன் ஹப்பைத் திறந்தால் உள்ளே இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்குகள் இருக்கும். உள்பக்கம் பெரியது, வெளிப்பக்கம் சிறியது, ஒன்றுக்கொன்று எதிர்முகமாக. உருளைகள் ஒரு பக்கம் பருத்தும் மறுபக்கம் சிறுத்தும் இருப்பதால், மேலிருந்து அழுத்தும் எடையையும் திரும்பும்போது பக்கவாட்டில் தள்ளும் விசையையும் இவை சேர்ந்தே தாங்கும். அமெரிக்காவில் குதிரை வண்டி செய்துவந்த ஹென்றி டிம்கென் 1898-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வளைவில் திரும்பும் வண்டியின் சக்கரம் படும் பாடுதான் அவரை யோசிக்க வைத்தது. அடிப்படை வடிவம் இன்றுவரை மாறவில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். 2,000 கிலோ எடையுள்ள டிராக்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முன், பின் அச்சுகளுக்கு இடையே 2 மீட்டர். லோடர் இல்லாதபோது முன் அச்சின் மேல் சுமார் 800 கிலோ இருக்கிறது என்று வைப்போம். 400 கிலோ லோடரை மாட்டினால், அதன் எடை மையம் முன் அச்சுக்கு அரை மீட்டர் முன்னால் விழுகிறது. அச்சில் 500 கிலோ கூடுகிறது. பக்கெட்டில் 500 கிலோ மண்ணை அள்ளுங்கள். அது அச்சுக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் தொங்குகிறது. அச்சில் கூடுவது 500 அல்ல, 875 கிலோ. மொத்தம் 2,175 கிலோ.

அள்ளிய மண்ணைவிட அதிகமான எடை எங்கிருந்து வந்தது? பின் சக்கரத்திலிருந்து. கிணற்று ஏற்றத்தில் சாலின் எடையை மட்டுமா ஏற்றக்கால் சுமக்கிறது? மறுமுனையில் மிதிப்பவரின் எடையும் சேர்ந்து அதன் தலையில்தான் இறங்குகிறது. இங்கே முன் அச்சுதான் ஏற்றக்கால். பக்கெட் தாழ்ந்து இழுக்க இழுக்க, பின்பக்கத்து எடை முன்னுக்கு ஏறுகிறது.

800 கிலோ சுமந்த அச்சு 2,175 கிலோ சுமந்தால், பேரிங் மூன்றில் ஒரு பங்கு காலமாவது தாங்கும் என்று மனம் சொல்லும். அப்படி இல்லை. சுவீடனைச் சேர்ந்த குஸ்தாஃப் லுண்ட்பெர்க், ஆர்விட் பால்ம்கிரென் இருவரும் 1947-இல் வெளியிட்ட கோட்பாட்டின் வழியில்தான் பேரிங்கின் ஆயுளை இன்றும் கணக்கிடுகிறார்கள். ரோலர் பேரிங்கில் சுமை இரண்டு மடங்கானால் ஆயுள் பாதியாகாது. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகும். நம் கணக்கில் வரும் சுமைக்கு, சுமார் இருபத்தெட்டில் ஒரு பங்கு. பக்கெட் காலியாகத் திரும்பும் நேரமும் உண்டு என்பதால் நடைமுறையில் இவ்வளவு மோசமாகாது. ஆனாலும் சில மாதங்களில் பேரிங் போவதில் மர்மம் எதுவும் இல்லை. பக்கெட்டைத் தூக்கியபடி குழியில் இறக்கினாலோ, ஓட்டத்தில் சடாரென்று பிரேக் போட்டாலோ, அந்த நொடியில் விழும் அடி இதற்கும் மேல்.

மருந்து பின்பக்கம் இருக்கிறது. பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால், மூன்று முனை இணைப்பில் 500 கிலோ கான்கிரீட் கட்டையைத் தொங்கவிட்டால் முன் அச்சிலிருந்து 250 கிலோ இறங்கிவிடும். அந்தச் சுமையில் பேரிங்கின் ஆயுள் ஒன்றரை மடங்காகும். கூடவே ஒவ்வொரு முறையும் 500-க்குப் பதில் 400 கிலோ அள்ளினால் இரண்டு மடங்கைத் தொடும். இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியே ஆக வேண்டும். பின் டயரில் தண்ணீர் நிரப்பினால் போதும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். டயருக்குப் பிடிப்பு கிடைக்கும், வண்டி பின்பக்கம் தூக்காது, அது நல்லதுதான். ஆனால் அந்த எடை நேராகப் பின் அச்சின் மேலேயே உட்காருவதால், முன் அச்சிலிருந்து ஒரு கிலோகூடக் குறையாது. எதிரெடை அச்சுக்குப் பின்னால் தள்ளித் தொங்க வேண்டும்.

இது பேரிங்கோடு நிற்கிற விஷயமும் அல்ல. நம் டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரங்களில்தான் இருக்கிறது. எதிரெடை இல்லாமல் பக்கெட்டை நிரப்பினால், மேற்சொன்ன வண்டியின் பின் அச்சில் மிஞ்சுவது 725 கிலோ. ஏரிக்கரைச் சரிவில் அந்த வண்டியை நிறுத்த வேண்டியவர் டிரைவர்.

பேரிங் போகும் முன் அறிகுறி காட்டாமல் இருப்பதில்லை. பக்கெட்டைத் தரையில் இறக்கி, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன் அச்சை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு வையுங்கள். பக்கெட்டைத் தரையில் ஊன்றி அதன் பலத்திலேயே முன்பக்கத்தைத் தூக்கி வேலை பார்க்கும் பழக்கம் வேண்டாம். ஒரு ஹோஸ் விட்டால் வண்டி கைமேல் இறங்கிவிடும். சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் உடனே பேரிங் என்று முடிவு கட்டக் கூடாது. இன்னொருவரை ஹப்பின் பின்புறம் பார்க்கச் சொல்லுங்கள். ஹப் மட்டும் அசைந்து ஸ்டப் ஆக்சில் அசையாமல் இருந்தால் பேரிங். ஸ்டப் ஆக்சிலும் சேர்ந்து அசைந்தால் கிங் பின் புஷ் தேய்ந்திருக்கிறது. இடமும் வலமுமாக ஆட்டும்போது மட்டும் ஆட்டம் வந்தால் ஸ்டியரிங் மூட்டுகளைப் பார்க்க வேண்டும். பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். நல்ல பேரிங் ஓசையின்றிச் சுற்றும். கெட்டது கரகரக்கும், அந்த அதிர்வு ஹப்பில் வைத்த கைக்குத் தெரியும். வேலை முடித்து வந்ததும் இரண்டு ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது தினமும் செய்யக்கூடிய சோதனை. ஒன்று மட்டும் சுட்டால் அதைத் திறந்துவிடுங்கள்.

கழற்றிய பேரிங்கைக் குப்பையில் போடும் முன் துடைத்துப் பாருங்கள். கிரீஸ் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ரேஸில் அம்மைத்தழும்பு போலத் தோல் பெயர்ந்திருந்தால் சுமையால் வந்த களைப்பு. விரிசல் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே பிறந்து மேலே வந்து பெயர்க்கிறது. உருளைகளின் இடைவெளிக்குச் சரியாக வரிவரியாகப் பள்ளம் இருந்தால் பலத்த அடி விழுந்திருக்கிறது; அதே வரிகள் துருவாக இருந்தால் ஈரத்தோடு வண்டி நெடுநாள் நின்றிருக்கிறது. நீலம் பாய்ந்திருந்தால் சூடு: கிரீஸ் வற்றியிருக்கலாம், நட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கலாம்.

தண்ணீர் எப்படிப் புகுகிறது என்பது சுவையான இயற்பியல். ஓடிச் சூடான ஹப், சேற்றுத் தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிர்கிறது. உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்த ஆயில் சீலின் உதடு வழியாக வெளித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. சேற்றுழவு முடிந்த கையோடு ஹப்பைத் திறந்து பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். சில நூறு ரூபாய்ச் சீலைச் சிக்கனம் பார்த்துப் பழையதையே அடித்து உட்கார வைப்பது பெரிய நஷ்டத்துக்கு வழி.

புதிய பேரிங் போடும்போது உள் ரேஸ், வெளி ரேஸ் இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். வெளி ரேஸ் ஹப்பில் லூசாக உட்கார்ந்தால், பஞ்ச் அடித்துப் பிடிக்க வைப்பது தற்காலிக வேலைகூட அல்ல. ரேஸ் நான்கு புள்ளிகளில் மட்டும் நின்று கோணலாகிவிடும். ஹப்பை மாற்றுங்கள். கிரீஸை உள்ளங்கையில் வைத்து, உருளைகளுக்கு நடுவே பிதுங்கி வரும்வரை அழுத்தி ஏற்ற வேண்டும். பழைய கிரீஸை முழுவதும் கழுவிவிட்டு ஏற்றுங்கள். கால்சியம் கிரீஸும் லித்தியம் கிரீஸும் கலந்தால் இளகி ஓடிவிடலாம். நட்டை இறுக்கும்போது சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அப்போதுதான் உருளைகள் தம் இடத்தில் உட்காரும். பிறகு கையேட்டில் சொன்ன அளவு தளர்த்தி, புது ஸ்பிளிட் பின் போட்டுப் பூட்டுங்கள். பல மணி நேரம் ஓடிய பின் மறுபடி ஆட்டம் பார்ப்பது அவசியம். நான்கு சக்கர இயக்க வண்டிகளில் முன் அச்சு இன்னும் கனமானது, ஹப்பில் எண்ணெய் இருக்கும். அங்கே எண்ணெய்க் கசிவும், எண்ணெயில் மின்னும் உலோகத் துகளும்தான் எச்சரிக்கை. நெம்புகோல் கணக்கு அதற்கும் அதேதான்.

லோடர் செய்து பூட்டித் தரும் பட்டறைகளுக்கு ஒரு வேண்டுகோள். எதிரெடையை வாங்குபவரின் விருப்பத்துக்கு விடாதீர்கள். லோடரின் விலையோடு கான்கிரீட் கட்டைக்கான விலையையும் சேர்த்தே சொல்லுங்கள், அதை மாட்டாமல் வண்டியை வெளியே அனுப்பாதீர்கள்.