கத்தி கெட்டியாக இருந்தால் மட்டும் போதுமா?

மடக்குக் கத்தி ஒன்று வாங்கலாம் என்று இணையக் கடைக்குள் நுழைந்தால், முதலில் கண்ணில் படுவது ஓர் எண். '56 எச்ஆர்சி', '60 எச்ஆர்சி', '62 எச்ஆர்சி' என்று எண் ஏற ஏற, பெரும்பாலும் விலையும் ஏறும். பார்வைக்கு எல்லாக் கத்தியும் ஒன்றுபோலத்தான் பளபளக்கும். அதனால் அந்த எண்ணை நம்பிப் பலரும் பணத்தைக் கொடுத்துவிடுகிறோம்.

வீட்டுக்கு வந்த பார்சலைப் பிரிக்கும்போது கத்தி ஒரு ஸ்டேப்பிள் கம்பியில் படுகிறது. கூர்மையான வாயில் ஒரு சிறு துண்டு பெயர்ந்து பல் விழுந்துவிடுகிறது. "இவ்வளவு விலை கொடுத்து வாங்கினேனே, 62 என்று போட்டிருந்தானே!" என்று நொந்துகொள்கிறோம். எண் பொய் சொல்லவில்லை. அது அளப்பது வேறொரு குணத்தை.

மூன்று குணங்கள்

கத்தி இரும்பில் மூன்று குணங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்: கடினத்தன்மை, தேயாத் தன்மை, முறியாத் தன்மை.

எச்ஆர்சி என்பது கடினத்தன்மையின் அளவு. அமெரிக்காவில் ஹியூ ராக்வெல், ஸ்டான்லி ராக்வெல் என்ற இருவர் 1914ஆம் ஆண்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்த சோதனை இது. வைரக் கூம்பு ஒன்றை 150 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இரும்பில் அழுத்துவார்கள். கூம்பு எவ்வளவு குறைவாக உள்ளே இறங்குகிறதோ, எண் அவ்வளவு கூடும். அதாவது, அழுத்தினால் வளையாமல், பள்ளம் விழாமல் நிற்கும் திறன்.

முறியாத் தன்மைக்குச் சோதனை வேறு. பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் சார்பி 1901இல் வகுத்த முறையில், ஊஞ்சல் போல ஆடிவரும் கனமான சுத்தியல் ஒன்று இரும்புத் துண்டை அடித்து உடைக்கும். உடைத்த பிறகும் சுத்தியல் மறுபக்கம் உயரே போனால், இரும்பு எளிதில் முறிந்துவிட்டது என்று பொருள். உயர முடியாமல் தடுமாறினால், அடியின் பெரும்பகுதியை இரும்பு வாங்கிக்கொண்டது என்று பொருள்.

கண்ணாடியையும் பிரம்பையும் நினைத்துப் பாருங்கள். கண்ணாடியில் நகத்தால் கீறல் போட முடியாது. கீழே விழுந்தால் சில்லு சில்லாகிவிடும். பிரம்பில் நகம் பதியும். ஆனால் வளைந்து மீளும். ஒரே வகை இரும்பில் கடினத்தன்மையை ஏற்றினால், பொதுவாக முறியாத் தன்மை இறங்கும். இரண்டையும் ஒருசேர உச்சத்துக்குக் கொண்டுபோக முடியாது.

கடலை மிட்டாய்க் கணக்கு

எண் ஒன்றாக இருந்தும் இரண்டு கத்திகள் வேறுவிதமாக நடந்துகொள்ளக் காரணம், இரும்புக்குள் இருக்கும் கார்பைடு துகள்கள். கார்பனும் குரோமியம், வனேடியம் போன்ற உலோகங்களும் சேர்ந்து உருவாகும் மிகக் கடினமான துகள்கள் இவை. இவைதாம் கத்தியைத் தேயாமல் காக்கின்றன. ஆனால் துகள்கள் பெரிதாகவும் மிகுதியாகவும் இருந்தால், விரிசல் அவற்றை ஒட்டியே ஓடும். கடலை மிட்டாயை மெல்லியதாக நறுக்க முயன்றால் கடலை இருக்கும் இடத்தில் விளிம்பு பிய்ந்து வருகிறதல்லவா, அதே கதைதான்.

டி2 என்ற இரும்பில் சுமார் 1.5 விழுக்காடு கார்பனும் 12 விழுக்காடு குரோமியமும் உண்டு. நன்றாகத் தேய்மானம் தாங்கும். ஆனால் துகள்கள் பெரியவை, வாய் பல் விழ வாய்ப்பு அதிகம். எஸ்30வி போன்றவை இரும்பைத் தூளாக்கி மறுபடி இறுக்கிச் செய்யப்படுவதால் துகள்கள் சிறிதாகின்றன. சுவீடனின் 14சி28என் இரும்பில் கார்பன் சுமார் 0.6 விழுக்காடுதான். துகள்கள் நுண்ணியவை, விலைக்கு மேல் உழைக்கும்.

சுவிஸ் ராணுவத்துக்கு 1891 முதல் கத்தி கொடுத்துவரும் விக்டோரினாக்ஸ் நிறுவனம், தன் மடக்குக் கத்திகளைச் சுமார் 56 எச்ஆர்சி அளவிலேயே வைத்திருக்கிறது. காகித எண்ணில் இது தாழ்வுதான். ஆனால் கடினமான பொருளில் பட்டால் அதன் வாய் பெரும்பாலும் உடையாது, மடங்கும். சாதாரணச் சாணைக்கல்லில் நாலு தேய்ப்பில் சரியாகிவிடும். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள் இதை வேறுவிதமாக அறிந்திருப்பார்கள். பழைய லோரியின் ஸ்பிரிங் பட்டையில் அடித்த பாராங் அடிக்கடி மழுங்கும். ஆனால் முறிந்துபோவது அபூர்வம்.

வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆணியை வெட்டிப் பார்ப்பது, கத்தியைச் சுவர் இடுக்கில் வளைத்துப் பார்ப்பது போன்ற வீரச் செயல்கள் வேண்டாம். தெறிக்கும் துண்டு கண்ணுக்கு ஆபத்து. அன்றாட வேலையில் ஒரு வாரம் பயன்படுத்திவிட்டு, வாயை மட்டும் கவனியுங்கள்.

கைப்பேசி விளக்கை அடித்து, கத்தியின் வாயை உங்கள் பக்கம் திருப்பிப் பாருங்கள். கூரான வாய் ஒளியைத் திருப்பாது. வெள்ளைப் புள்ளிகள் மின்னினால் அங்கே சேதம் இருக்கிறது. பிறகு சிறிது பஞ்சை எடுத்து, முதுகுப் பக்கத்திலிருந்து வாயை நோக்கி இரு பக்கமும் மெல்ல இழுங்கள். ஒரு பக்கம் மட்டும் பஞ்சு சிக்கினால், வாய் மடங்கியிருக்கிறது. இரு பக்கமும் சிக்கினால், பல் விழுந்திருக்கிறது. விரலை வைத்துப் பார்க்க வேண்டாம்.

மடங்கிய வாயைத் தோல் பட்டையில் தீட்டியே பெரும்பாலும் நிமிர்த்திவிடலாம். பல் விழுந்த வாயைச் சரிசெய்ய, பல்லின் ஆழம் வரை இரும்பைத் தேய்த்தாக வேண்டும்.

புதுக் கத்தியை முதல் வாரத்திலேயே குறை சொல்லிவிடவும் கூடாது. தொழிற்சாலையில் வேகமாகச் சாணை பிடிக்கும்போது வாய் சூடேறிப் பதம் கெட்டிருக்கலாம். இரண்டு மூன்று முறை தீட்டிய பிறகுதான் உள்ளே இருக்கும் நல்ல இரும்பு வெளியே வரும். அதற்குப் பிறகும் பல் விழுந்தால், தீட்டும் கோணத்தைச் சற்று அகலமாக்கிப் பாருங்கள். பல கத்திகளுக்கு அதுவே போதும். வாய் மிக மெல்லியதாக இருந்தால் எந்த இரும்பும் தாங்காது.

உங்களுக்கு எது தேவை?

அலுவலகத்திலும் வீட்டிலும் அட்டைப் பெட்டிதான் அதிகம் வெட்டுவீர்கள் என்றால், தேயாத் தன்மைக்கு முதலிடம் கொடுக்கலாம். அட்டை பார்க்க மென்மையானது; கத்தியை அரிப்பதில் மோசமானது. கேபிள் டை, கம்பி கலந்த கட்டுகள், முகாம் வேலை என்றால் முறியாத் தன்மைக்கே முதலிடம்.

டுரியான் பருவத்தில் ஓர் எச்சரிக்கை. ஓட்டின் விரிசலில் மடக்குக் கத்தியை நுழைத்துத் திருகுவது பலருக்கும் பழக்கம். கத்தி வெட்டுவதற்குச் செய்யப்பட்டது, நெம்புவதற்கு அல்ல. திருகும்போது முனை உடையலாம். அதைவிட மோசமாக, பூட்டு நழுவிக் கத்தி விரல்மேல் மடங்கலாம். எவ்வளவு நல்ல இரும்பாக இருந்தாலும் மடக்குக் கத்தியின் பலவீனம் அதன் மூட்டில்தான் இருக்கிறது.

நம் ஊர்ப் புழுக்கத்தில் துருவும் வாயைத் தின்னும். பழம் வெட்டிய பின் கழுவித் துடைத்து, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் கத்தியுடன் நடமாடினால் சட்டச் சிக்கல் வரலாம். விமானத்தில் கைப்பையிலும் வைக்காதீர்கள்.

கத்தி வாங்கும்போது எச்ஆர்சி எண்ணைப் பாருங்கள், தவறில்லை. அதோடு இரும்பின் பெயரையும் கேளுங்கள். பெயரே சொல்லாமல் 'உயர்தர எஃகு' என்று மட்டும் எழுதியிருந்தால், எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பணப்பையை மூடிவிடலாம்.